நாலு விரல் அகலம்

சிட்டு தூங்கிவிட்டாள், ஆனால் என் மேலேயே தூங்கிவிட்டாள், அதுதான் சிக்கல், தலை சரியாக என் தொப்புளுக்கு மேலே, காது வயிற்றோடு ஒட்டி, வாயோரம் வழியும் எச்சில் நைட்டியை நனைத்துக்கொண்டிருக்கிறது, இனி நான் எழுந்திருக்க வேண்டுமானால் முதலில் ஒருக்களிக்க வேண்டும், ஒருக்களித்தால் இவள் தலை பாயில் விழும், விழித்துக்கொள்வாள், விழித்தால் அழுகை, அழுதால் தூக்கச் சொல்வாள், தூக்க முடியாது. மற்றவர்கள் படுக்கையிலிருந்து எப்படி எழுந்திருக்கிறார்கள் என்பதே மறந்துவிட்டது. பிராங்க்ளின் எழுவதைப் பார்த்திருக்கிறேன், அலாரம் அடித்ததும் யாரோ கயிறு கட்டி இழுத்தது மாதிரி நேராக நிமிர்ந்து உட்காருவார், அதில் ஒரு சிரமமும் இருக்காது, அவருக்கு அது ஒரு செயலாகவே தெரியாது. நான் அப்படி எழுந்தால் வயிற்றின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு மேடு எழும்பும், கவிழ்த்துப்போட்ட வள்ளத்தின் அடிப்பக்கம் போலக் கூராக. அது என்ன என்று தெரியாத காலத்தில் ஒன்றிரண்டு முறை விளையாட்டாகக்கூடச் செய்து பார்த்திருக்கிறேன், தலையைத் தூக்கினால் வரும், போட்டால் போய்விடும். தெரிந்த பிறகு தலையைத் தூக்கவே பயம். போன் மேசை மேல் இருக்கிறது. நாலு மணிக்குள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து நாளைக்கு வருகிறேனா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். கடிகாரம் என் தலைக்குப் பின்னால் சுவரில், அதன் சத்தம் கேட்கிறது, முகம் தெரியவில்லை. ஐஸ் கம்பெனி லாரி இன்னும் தெருவில் திரும்பவில்லை, அப்படியானால் மூன்றுகூட ஆகியிருக்காது, அல்லது லாரி இன்றைக்கு வரவே இல்லையோ. காலையில் தட்டில் இட்லியை வைத்துக்கொண்டே கேட்டேன், ஏங்க, நான் என்ன சொல்லட்டும் அவங்ககிட்ட. 'உன் இஷ்டம் டெல்பி' என்றார். உன் இஷ்டம். உலகத்திலேயே தூக்க முடியாத கனம் இந்த ரெண்டு வார்த்தைதான், சிட்டுவையாவது ஒரு பக்கமாக இடுப்பில் சாய்த்துக்கொள்ளலாம்.

டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும், கையில் மருதாணி அழிந்தும் அழியாமலும் இருந்தது, யார் கல்யாணத்துக்கோ போயிருக்கிறார். மல்லாந்து படுக்கச் சொல்லி, தலையை மட்டும் லேசாத் தூக்குங்க என்றார், தொப்புளுக்கு மேலே விரல்களைச் சேர்த்து வைத்து அழுத்தினார், நாலு விரலும் உள்ளே போயின. எனக்கு வலிக்கவில்லை, வெட்கமாக இருந்தது, வீட்டுக்குள் யாரோ கதவைத் தட்டாமல் வந்தது மாதிரி. 'தசை ஒண்ணும் கிழியல, பயப்படாதீங்க. ரெண்டு பட்டையும் ரெண்டு பக்கமா ஒதுங்கிப் போச்சு, நடுவுல சேத்துப் பிடிக்கிற பகுதி தளந்திருச்சு. பழைய பாவாடை எலாஸ்டிக் பாத்திருக்கீங்கல்ல, இழுத்தா வரும், திரும்பப் போவாது.' தொப்புளில் குடலிறக்கம் வேறு சேர்ந்திருக்கிறது என்றார். உடற்பயிற்சி எல்லாம் செய்தாயிற்று, மூச்சை இழுத்து, மூச்சை விட்டு, குதிகாலைத் தரையில் தேய்த்து நீட்டி, மடக்கி, பாயில் புழு மாதிரி, சிட்டு என் மேல் ஏறிக் குதிரை விளையாடுவாள். விரல் அகலம் குறையவில்லை. இனித் தைக்க வேண்டியதுதான், மேலிருந்து கீழ்வரைக்கும், உள்ளே வலை ஒன்று வைத்து. வலை என்றதும் நான் நீலக்கலர் நைலான் வலையைத்தான் நினைத்தேன், கடற்கரையில் குவித்துப் போட்டிருப்பார்களே, அதில் செத்த நண்டு மாட்டிக்கொண்டிருக்கும். அப்புறம்தான் அவர் அதைச் சொன்னார், சாதாரணமாக, கை கழுவிக்கொண்டே. 'இன்னொரு பிள்ளை பெத்துக்கிற எண்ணம் இருந்தா முதல்ல அத முடிச்சிட்டு வாங்க. தைச்சதுக்கு அப்புறம் பெத்தா மறுபடி விரியலாம். ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க.' ரெண்டு பேரும். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு காலேஜ் பெண் எழுந்து இடம் கொடுத்தாள், உக்காருங்கக்கா, எத்தன மாசம் என்றாள். நான் உட்கார்ந்தேன். ஆறு என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்று இல்லை, இல்லை என்று சொன்னால் அந்தப் பிள்ளையின் முகம் சுருங்கும், சாரிக்கா சாரிக்கா என்பாள், அதற்கு நான் பரவாயில்லை என்று சிரிக்க வேண்டும், அவ்வளவு பேச எனக்குத் தெம்பு இல்லை. ஆறு என்பது சின்ன வார்த்தை. முதுகு வலித்தது. உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் கோவிலில் நடந்ததை அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது. அன்றைக்குப் பூசை முடியும் நேரத்தில் ஃபாதர் மைக்கில், கருவுற்றிருக்கும் தாய்மார் எல்லாரும் பீடத்துக்கு முன்னால் வரவும், ஆசீர் வழங்கப்படும் என்றார், வருஷத்துக்கு ஒரு தடவை செய்வதுதான். நான் சிட்டுவின் செருப்பைத் தேடிக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் குனிந்திருந்தேன், குனிந்தாலும் கஷ்டம், நிமிர்ந்தாலும் கஷ்டம், நிமிரும்போது விக்டோரியாக்கா என் முழங்கையைப் பிடித்துவிட்டாள். எங்கள் பக்கத்து ஜெபக்குழுவின், அன்பியத்தின் தலைவி, நாலு தெருவுக்கும் அவள்தான் ஜெபம், அவள்தான் சண்டை. 'ஏட்டி, என்ன இன்னும் நின்னுட்டு இருக்க, முன்னால போ.' இல்லக்கா, எனக்கு. 'என்ன எனக்கு நொனக்கு, இதுல என்னட்டி வெக்கம், புருசன்தான குடுத்தான், போ ட்டி.' பக்கத்து வரிசையில் சிரித்தார்கள். கோவிலே என்னைத் திரும்பிப் பார்த்தது. நடந்து போய்விட்டேன். அதை எப்படி விளக்குவது, கால் போனது, வரிசையில் முழங்காலிட்டேன், இரண்டு பக்கமும் உண்மையான வயிறுகள், ஒருத்தி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள், நடுவில் என் வயிறு, எல்லாவற்றையும்விடக் கச்சிதமாக. ஃபாதர் தலையில் கை வைத்தார், கை சூடாக இருந்தது. 'உள்ளே இருக்கும் உயிர் நலமாய் வெளியே வரட்டும்.' தீர்த்தம் என் கண்ணிமையில் விழுந்தது. ஆமென் என்றேன், சத்தமாக. கான்வென்ட்டில் பழக்கிவிட்ட ஆமென் அது, அடிவயிற்றிலிருந்து வர வேண்டும் என்பார்கள். அடிவயிறு எங்கே இருக்கிறது.

அதிலிருந்து சாப்பாடு வர ஆரம்பித்தது. விக்டோரியாக்கா முதல் ஆள், ஒரு பொட்டலம் மக்ரூன், ஒரு தூக்கில் நெத்திலிக் குழம்பு, வாய்க்கு ருசியா என்ன வேணும்னாலும் சொல்லு பிள்ள என்று. பக்கத்து வீட்டு ரோசிட்டா மாங்காய் கொடுத்தாள், உப்பு மிளகாயோடு. நான் சாப்பிட்டேன். எல்லாவற்றையும் சாப்பிட்டேன். பிள்ளை பெற்றதிலிருந்து யாரும் என்னை என்ன வேண்டும் என்று கேட்கவில்லை, பால் இருக்கா, பிள்ளைக்குப் பால் இருக்கா என்றுதான் கேட்டார்கள், இல்லாத பிள்ளையைக் காட்டித்தான் எனக்கு மாங்காய் கிடைத்தது. மாமிக்கு, பிராங்க்ளினின் அம்மாவுக்கு, உண்மை தெரியும், கீழ் வீட்டில்தான் இருக்கிறார், கோபப்படுவார் என்று நினைத்தேன். மாமி மாங்காய்க் கொட்டையைச் சப்பிக்கொண்டே நிதானமாகச் சொன்னார். 'ஆசீர் வாங்கியாச்சி. ஆண்டவர் குடுத்தத வெறுங்கையாத் திருப்பி அனுப்பக் கூடாது. இப்ப உண்டாச்சுன்னு வையி, எல்லாம் நேராயிரும். மாசக் கணக்க எவ பாக்கா.' நான் சிரித்துவிட்டேன், சிரித்தால் வயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பிடித்துக்கொண்டே சிரித்தேன். மாமி சிரிக்கவில்லை. அன்று ராத்திரி பிராங்க்ளினிடம் சொன்னேன், அவரும் சிரித்தார், விக்டோரியாக்கா மாதிரி நடித்துக்கூடக் காட்டினார், ஏட்டி போ ட்டி என்று. அப்புறம் விளக்கை அணைத்த பிறகு கையை என் வயிற்றில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தூங்காமல் கிடந்தார். எனக்குத் தெரியும். மூச்சில் தெரியும். பையன் என்றால் என்ன பெயர் என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்கும், கேட்டால், நான் ஒண்ணும் சொல்லலியே என்பார். ஒன்றும் சொல்லவில்லைதான்.

ஸ்டமக் இன், ஸ்டமக் இன். கான்வென்ட்டில் சிஸ்டர் ஃபெலிசிட்டா அசெம்பிளி வரிசையில் நடந்து வருவார், கையில் பிரம்பு கிடையாது, ஸ்கேல், மர ஸ்கேல், பெல்ட்டுக்கு மேலே லேசாகத் தட்டுவார், தொந்தி இருக்கிறவர்களையும் தட்டுவார், இல்லாதவர்களையும் தட்டுவார், உள்ளே இழு, உள்ளே இழு, நல்ல பெண்ணுக்கு வயிறு தெரியக் கூடாது. நான் ஸ்போர்ட்ஸ் டேயில் கொடி பிடித்தவள். கம்பின் அடியை இடுப்பு வாரில் செருகி, வயிற்றை உள்ளே இழுத்து, மைதானம் முழுக்க நடந்தேன், காற்று கொடியை எதிர்ப்பக்கம் இழுத்தது, வயிறுதான் தாங்கியது, பலகை மாதிரி இருந்தது அப்போது, தட்டினால் சத்தம் வரும். இப்போது உள்ளே இழுக்கிறேன் சிஸ்டர், எதை இழுப்பது என்று வயிற்றுக்குத் தெரியவில்லை. பிரசவ வலியில் ஒரு பகலும் ஒரு இரவும் கிடந்தபோதும் சிஸ்டர்தான் ஞாபகத்துக்கு வந்தார், முள் குத்தினாலும் மாதவிடாய் வலித்தாலும் அவருக்கு ஒரே மருந்துதான், உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்காக ஒப்புக்கொடு மகளே. செத்தபின் மோட்சத்துக்குப் போகுமுன் அங்கே வெந்து காத்திருக்கிறவர்கள், நம் வலி சேரச் சேர ஒவ்வொருவராக மேலே போவார்களாம். ஒப்புக்கொடுத்தேன். வலி வர வர ஒப்புக்கொடுத்தேன், கடைசியில் ஆத்துமாக்கள் மேலேயே எரிச்சல் வந்துவிட்டது, இன்னுமா போகவில்லை நீங்கள். அதற்குப் பிறகும் முதுகுவலி, மூத்திரம் அடக்க முடியாமை, தும்மல் வந்தால் காலைச் சேர்த்துக்கொண்டு நிற்பது, எல்லாம் ஒப்புக்கொடுத்தாகிவிட்டது, இந்நேரம் அங்கே ஒருவர்கூட மிச்சம் இருக்க மாட்டார், கதவைப் பூட்டிவிட்டுப் போயிருப்பார்கள். போன மாதம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ஃபாதர், கர்ப்பமாக இல்லாமலே கர்ப்பிணிகளுக்கான ஆசீரை வாங்கிவிட்டேன் என்றேன். கிராதிக்கு அந்தப் பக்கம் வயதான ஃபாதர், காது கொஞ்சம் மந்தம், ஃபேன் சத்தம் வேறு. தாய்மை பெரிய கொடை மகளே, பயப்படாதே, அருள் நிறைந்த மரியே ஜெபம் பத்துத் தடவை சொல் என்றார். வெளியே விக்டோரியாக்கா அடுத்த ஆளாக நின்றாள். 'வயித்துப் பிள்ளையோட ரொம்ப நேரம் முட்டி போடாதட்டி.'

சிட்டு அசைகிறாள். இல்லை, தலையை மாற்றி வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். இவள் தலை எவ்வளவு கனம். இந்தப் பள்ளத்தில் சரியாகப் பொருந்தி வைத்துக்கொள்கிறாள், தலையணையைவிட இதுதான் பிடிக்கும், நடுவில் எலும்பும் இல்லை சதையும் இல்லை, மெத்தென்று இருக்கிறது, தைத்துவிட்டால் இந்த இடம் இருக்காது. ஆறு வாரமாவது தூக்கக் கூடாதாம். கட்டிலில் நான் கிடக்கும்போது இவள் ஓடிவந்து வயிற்றில் விழுந்தால்? மயக்க மருந்து கொடுக்கிறவர் பத்திலிருந்து பின்னால் எண்ணச் சொல்வாராம், ரோசிட்டாவின் அண்ணி சொன்னாள், ஏழைத் தாண்டி எண்ணினவர்கள் கிடையாதாம். ஆறு எங்கே போகும். நான் ஆறில் நின்றுவிட்டால், வெளியே பிராங்க்ளின் பெஞ்சில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார், மாமி ஜெபமாலையோடு, யாரோ வந்து சொல்வார்கள், அப்புறம் ஊரெல்லாம் பேசும், வயித்த அழகாக்கப் போனா, போயே போயிட்டா. அழகுக்கா? சிட்டுவை ஒரு தடவை தண்ணீர் வாளியிலிருந்து தூக்க முடியாமல், தூக்க முடியாமலே, ரோசிட்டா, ரோசிட்டா என்று கத்தினேனே, வாளியில் முழங்கால் அளவுதான் தண்ணீர், குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன், சோப்பு வழுக்கியது, அவள் சரிந்து உட்கார்ந்துவிட்டாள், முகம் தண்ணீருக்குப் போகிறது, நான் குனிகிறேன், வயிறு பிடிமானம் இல்லாமல் முன்னால் தொங்குகிறது, முதுகு பூட்டிக்கொண்டது, கை வழுக்குகிறது. கடைசியில் வாளியையே தள்ளிக் கவிழ்த்தேன். அவள் சிரித்தாள், விளையாட்டு என்று நினைத்து, இன்னொரு தடவை கவுத்தும்மா என்றாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரம்மாவிடம்கூட முதுகு வலிக்கிறது என்றுதான் சொன்னேன். இன்னொன்று உண்டானால் இந்த எலாஸ்டிக் இன்னும் விரியும், மறுபடி ஒரு இரவும் பகலும், மறுபடி பால், மறுபடி ஒரு வழுக்குகிற உடம்பு, ரெண்டு வாளி, எதை முதலில் கவிழ்ப்பேன். வேண்டாம். ஆனால் வேண்டாம் என்று சொல்லும்போதே ஒரு முகம் வருகிறது, ஆசீர் வாங்கின அன்றிலிருந்து வருகிறது, பிராங்க்ளினின் காது, சிட்டுவின் மூக்கு, யாரோ. இல்லாத பிள்ளையைக் கொல்ல முடியுமா? சிஸ்டரிடம் கேட்டால் நினைவால் செய்த பாவம் என்பார். தீர்த்தம் பட்டது என் இமையில்தானே, அந்தப் பிள்ளை மேல் படவில்லையே. இப்படியே சுற்றிச் சுற்றி, செக்கில் மாட்டினது மாதிரி. போன் செய்ய வேண்டும். ஐஸ் லாரி வந்ததா? வந்து போயிருக்குமா நான் இதெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தபோது? ஜன்னல் கம்பி நிழல் சுவரில் காலண்டர் வரைக்கும் ஏறிவிட்டது. நான் போன் செய்யாவிட்டால் என்ன ஆகும், ஒன்றும் ஆகாது, படுக்கையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள், முடிவு தானாக எடுக்கப்பட்டுவிடும், பிள்ளை மேலே தூங்கிவிட்டது, எழுந்திருக்க முடியவில்லை என்று சொல்லலாம், உண்மையும்கூட. கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணை மூடினால் எவ்வளவு நன்றாக இருக்கிறது. இப்படியே.

போன் அடிக்கிறது. மேசையில் அதிர்ந்து அதிர்ந்து விளிம்புப் பக்கம் நகரும் சத்தம் கேட்கிறது, விழுந்துவிடும், கண்ணாடி ஏற்கெனவே கீறல், சட்டென்று தலையைத் தூக்கிவிட்டேன், நேராக, மறந்துபோய், கொடி பிடித்த பெண் எழுவது மாதிரி. மேடு எழும்பியது. சிட்டுவின் கன்னத்துக்கு அடியிலேயே எழும்பி அவள் தலையை ஒரு பக்கமாகத் தள்ளியது. விழித்துக்கொண்டாள். அழவில்லை. என் வயிற்றைப் பார்த்தாள், ஒரு விரலை அதன் மேல் வைத்தாள். போன் நின்றுவிட்டது.

'பாப்பா முழிச்சிட்டு' என்றாள்.

எனக்குத் தெரியும், விக்டோரியாக்கா சொல்லி வைத்திருக்கிறாள், உள்ள தம்பிப் பாப்பா இருக்கான், சத்தம் போடக் கூடாது என்று. இவ்வளவு நாளும் இவள் இதில் காது வைத்துப் படுத்தது அதற்குத்தான் என்பது இப்போதுதான், இந்த நிமிஷம்தான் எனக்குத் தைத்தது. மெத்தென்று இருப்பதால் என்று நினைத்தேனே. நாளைக்கு வயிறு இல்லாமல் வந்தால் இவள் யாரைத் தேடுவாள்? 'சிட்டு, உள்ள பாப்பா இல்லம்மா.' 'இருக்கு. விக்கி பெரியம்மா சொன்னாவ.' 'பெரியம்மாவுக்குத் தெரியாது. பாப்பா இல்ல.' அவள் மேட்டை அமுக்கினாள். நான் தலையைப் பாயில் போட்டேன், மேடு அமுங்கிப் போயிற்று, விரல் உள்ளே போனது. 'அப்ப உள்ள யாரு?' குடல் என்று சொல்ல முடியுமா இரண்டரை வயதுப் பிள்ளையிடம். யாரும் இல்லை என்றும் சொல்ல வாய் வரவில்லை, அசைந்ததை அவள் பார்த்துவிட்டாள். வாயில் எது வந்ததோ அதைச் சொன்னேன்.

'அம்மா.'

'நீயா?' 'ம்.' என் முகத்தைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள், மறுபடி முகத்தை. இரண்டையும் பொருத்திப் பார்ப்பது தெரிந்தது. அப்புறம் இரண்டு கையையும் வாயைச் சுற்றிக் குவித்து, தொப்புளில் வைத்து, மாடியிலிருந்து மீன்காரியைக் கூப்பிடுகிற அதே குரலில் கத்தினாள். 'யம்மோவ்! வெளிய வா!'

சிரிப்பு வந்துவிட்டது, வயிற்றை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன், பிடித்த பிடியில் இடது கைப் பக்கமும் வலது கைப் பக்கமும் ஒன்றையொன்று தொட்டமாதிரி இருந்தது, கண்ணில் தண்ணீர் வந்து காதுக்குள் இறங்கியது. போன் மறுபடி அடித்தது. ஒருக்களித்து, முழங்கை ஊன்றி, ஒரு கையால் பிடித்துக்கொண்டே, மேசைக் காலைப் பற்றி எழுந்தேன். சிட்டு என் கூடவே வந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு வாயை நைட்டியில் புதைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்துதான். 'டெல்பின் பிராங்க்ளின்தானம்மா? மணி நாலாகப் போவுது, ஒண்ணும் சொல்லலியே நீங்க. நாளைக்கு வாரீங்களா, இல்ல பெட்ட வேற ஆளுக்குக் குடுத்திரட்டுமா?' கீழேயிருந்து, வெளிய வா, வெளிய வா, என்று சூடான மூச்சு துணியைத் தாண்டி என் மேல் பட்டது. பிராங்க்ளினிடம் என்ன சொல்வேன், மாமி முகத்தில் எப்படி விழிப்பேன், ஆறுக்குப் பிறகு என்ன.

'வாரேன்' என்றேன்.

'சரிம்மா. ராத்திரி பத்து மணிக்கு மேல ஒண்ணும் சாப்பிடக் கூடாது. நகை எல்லாம் கழட்டி வச்சிருங்க. நகப் பூச்சு இருந்தா அழிச்சிட்டு வாங்க.' சரி என்றேன், சரி, சரி. போனை வைத்தேன். சிட்டு கத்துவதை நிறுத்திவிட்டு வயிற்றில் காதை வைத்துக் கேட்டாள், வெகுநேரம். பிறகு நிமிர்ந்து பார்த்து எனக்குச் செய்தி சொன்னாள்.

'அம்மா வாராளாம்.'